சந்தை நிலவரம்

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் புதூர்நாட்டைக் கடந்து போனால் நெல்லிவாசல்நாடு வருகிறது. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள் உண்டு. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள். சாமை விளைகிறது. புளி, கடுக்காய், தேன், சீத்தாப்பழம் எல்லாம் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன. உப்பும் எண்ணெயும் துணியும் மேலே ஏறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு தேநீர்க் கடையில் வடையை மடித்துக் கொடுத்த காகிதம் வெளிர் சிவப்பு நிறத்தில் இருந்தது. விரித்துப் பார்த்தேன். ஆங்கில வணிக நாளிதழ் ஒன்றின் பக்கம். எண்ணெய் ஊறிய தாளில் மும்பைப் பங்குச் சந்தையின் விலைகள் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக நின்றன. திருப்பத்தூரின் பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டாக வந்திருக்கும். அந்தத் தாள் அந்த மலைக்கு வருவதற்கு வேறு வழி இல்லை. தமிழில் இப்படி ஒரு நாளிதழ் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வி அன்று தொடங்கியது. தேடத் தேட, இது வெறும் இதழியல் கேள்வி இல்லை என்று தோன்றியது.

எண்ணிக்கைதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஸ்பானிய மொழியைப் பாருங்கள். அதில் வணிக நாளிதழ்கள் ஒன்றிரண்டல்ல. புவெனஸ் அயர்ஸில் 1908ல் தொடங்கிய 'எல் க்ரோனிஸ்தா', 1976ல் தொடங்கிய 'ஆம்பித்தோ ஃபினான்சியரோ', மாட்ரிட்டில் 1978ல் 'சிங்கோ தியாஸ்', 1986ல் 'எக்ஸ்பான்சியோன்' என்று பட்டியல் நீளும். மெக்சிகோ, பெரு, சிலி, கொலம்பியா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உண்டு. ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேர் பேசும் மொழி, ஆகவே வாசகர்கள் கிடைக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் இந்த நாளிதழ்கள் மொழி முழுமைக்குமானவை அல்ல. அந்தந்த நாட்டுக்கானவை. நான்கு கோடிக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த ஸ்பெயின் பத்தாண்டுகளுக்குள் இரண்டு வணிக நாளிதழ்களைப் பெற்றது. 1975ல் ஃபிராங்கோ இறக்கிறார். 1978ல் புதிய அரசியல் சட்டம். 1986 ஜனவரியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்கை. அரசின் கதவுக்குப் பின்னால் முடிவான பொருளாதாரம் வெளிக்குப் பேசப்பட வேண்டியதாகிறது. அப்போது நாளிதழ் பிறக்கிறது. அர்ஜென்டினாவில் நிலைமை வேறு. ராணுவ ஆட்சியும் கடும் பணவீக்கமும் சேர்ந்த 1976ல், காலையில் டாலர் என்ன விலை என்று தெரியாமல் கடை திறக்க முடியாத மனிதர்களுக்காக ஒரு தாள் வந்தது. வணிகச் செய்தி ஆபத்தில்லாத செய்தி என்று நாம் நினைப்பதும் தவறு. 'எல் க்ரோனிஸ்தா'வை நடத்திவந்த ரஃபேல் பெரோத்தா 1977ல் கடத்தப்பட்டார். திரும்பி வரவில்லை.

ஆக, பொருளாதாரத்தைப் பற்றித் தன் மொழியில் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்ற நெருக்கடி ஒரு சமூகத்துக்கு வரும்போதுதான் இப்படிப்பட்ட தாள் பிறக்கிறது. தமிழருக்கு அந்த நெருக்கடி வந்ததா? வந்தது, ஒருமுறை அல்ல.

*

முதல் பெயர் ஜி. சுப்பிரமணிய ஐயருடையது. திருவையாற்றில் 1855ல் பிறந்தவர். 1878ல் 'தி ஹிந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் முதன்மையானவர். 1882ல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழையும் தொடங்கினார். 1898ல் 'ஹிந்து'வை விட்டு விலகி, 1899ல் 'சுதேசமித்திர'னை நாளிதழ் ஆக்கினார். இவரை நாம் சமூகச் சீர்திருத்தக்காரராகவும், பாரதியைப் பத்திரிகைத் தொழிலுக்கு அழைத்து வந்தவராகவுமே நினைவில் வைத்திருக்கிறோம். விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய மூளை பெரும்பாலும் பொருளாதாரத்தில்தான் இயங்கியது. இந்தியாவின் வரவு செலவை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் 1897ல் லண்டனுக்குச் சென்று சாட்சியம் அளித்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903ல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். நிலவரி, உப்பு வரி, ரூபாயின் மதிப்பு, பஞ்சம் என்று புள்ளிவிவரங்களோடு பேசத் தெரிந்த மனிதர், அந்தப் பேச்சைத் தமிழில் பேச முடிவெடுத்து 'ஹிந்து'வை விட்டு வந்தார். இதன் பெறுமதியை நம் இலக்கிய வரலாறுகள் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். தமிழ் உரைநடை எப்படி வளர்ந்தது என்று பேசும்போது நாவலையும் சிறுகதையையும் பேசுகிறோம். கடனையும் நாணய மாற்றையும் சொல்லத் தமிழ் வாக்கியம் எப்படி வளைந்தது என்று யாரும் பேசுவதில்லை. 1904 முதல் அந்த அலுவலகத்தில் ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்த பாரதிக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு தந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1906 அக்டோபர் இந்தக் கதையில் முக்கியமான மாதம். பதினாறாம் தேதி தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சரியாக ஆறு நாள் கழித்து, இருபத்திரண்டாம் தேதி, சென்னையின் பெருமதிப்பு வாய்ந்த அர்பத்நாட் நிறுவனம் கதவைச் சாத்துகிறது. தமிழ்நாட்டு வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிலக்கிழார்களும் விதவைகளும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். அது சில கூட்டாளிகளின் தனி நிறுவனம். வெள்ளைக்காரன் கம்பெனி என்பதே அதன் உத்தரவாதமாக இருந்தது. கல்வியறிவு உள்ளவர்கள், தினமும் செய்தித்தாள் படிப்பவர்கள், தங்கள் சேமிப்பு எங்கே என்ன நிலையில் இருக்கிறது என்று கடைசி நாள் வரை தெரியாமல் இருந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். பணம் போனது போனதுதான். அந்த இடிபாட்டிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முன்முயற்சியில், நகரத்தார் துணையோடு 1907ல் இந்தியன் வங்கி எழுந்தது.

ஒரே வாரத்தில் நடந்த இந்த இரண்டும் ஒரு வணிக நாளிதழுக்கான தேவையின் இரண்டு முகங்கள். எங்கே பணத்தைப் போடலாம் என்று ஊக்குவிக்கும் குரல் ஒன்று. எங்கே போடக் கூடாது என்று எச்சரிக்கும் குரல் மற்றொன்று. முதல் குரல் தமிழில் எழுந்தது. 1906 மே மாதம் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி சுதேசிக் கப்பலுக்காக வாதாடினார். அதில் தேசம் இருந்தது, கனல் இருந்தது. இரண்டாவது குரல், அதாவது ஐந்தொகையைப் பிரித்துப் படித்து இது தேறாது என்று சொல்லும் வறண்ட குரல், எழவில்லை. 1908ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய ஐயரும் கைதானார்கள். 1911ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது.

*

அடுத்த நெருக்கடி கடல் கடந்து வந்தது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ் பேசிய, தமிழிலேயே கணக்கெழுதிய ஒரு நிதிச் சமூகம் பர்மாவில் உச்சத்தில் இருந்த காலம் இது.

1929–30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் இந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆங்கிலேய வங்கி எதுவும் சேற்றில் இறங்கிப் பர்மிய உழவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் மூன்று வருடக் கணக்கில் அனுப்பப்பட்ட முகவர்கள்தான் கொடுத்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு முகவராகி, தன் கடை வைக்கும் வரை உயரும் ஏணி அது. கணக்கு முழுவதும் தமிழில். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று இரட்டைப் பதிவு முறைக்கு ஈடான ஒழுங்கு.

இவர்களிடம் விலைத் தகவல் எப்படிப் பரவியது? ரங்கூன் முகல் தெருவில் நகரத்தார் கோவில் இருந்தது. தமிழ் மாதந்தோறும் பதினாறாம் தேதி மாலை ஆறு மணிக்குக் கடைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். பணப் புழக்கம் எப்படி, நெல் எப்படி, ஊரிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று பேசி, அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முருகன் சந்நிதியில் முடிவு செய்வார்கள். நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த விகிதம்தான் அடிப்படை. பர்மா முழுவதும் சிதறிக் கிடந்த கடைகளுக்கு அது கடிதத்தில் போய்ச் சேரும். லண்டன் நகரத்தில் வங்கியாளர்கள் செய்ததை ஒரு கோவில் மண்டபத்தில் செய்தார்கள் என்று வியக்கலாம். வியப்போடு வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விகிதம் அச்சேற வேண்டிய அவசியமே இல்லை. தெரிய வேண்டியவர்கள் எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள். நெல் விளைவித்த பர்மியன் மண்டபத்தில் இல்லை.

இவர்களுக்குப் பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 1920ல் சொ. முருகப்பா 'தனவைசிய ஊழியன்' தொடங்கினார். பிறகு அது ராய. சொக்கலிங்கத்தின் கையில் 'ஊழியன்' ஆனது. புதுமைப்பித்தன் சென்னைக்கு வந்து 'தினமணி'யில் சேர்வதற்கு முன் கொஞ்ச காலம் அங்கேதான் வேலை பார்த்தார். ரங்கூனில் 'தனவணிகன்' வந்தது. அதன் ஆசிரியராக இருந்தவர் ஏ.கே. செட்டியார். 1911ல் கோட்டையூரில் பிறந்தவர். இருபதை ஒட்டிய வயதில் ரங்கூனில் பத்திரிகை நடத்தியவர், பின்னால் உலகம் சுற்றினார், காந்தியைப் பற்றி ஆவணப் படம் எடுத்தார், 1943ல் 'குமரி மலர்' தொடங்கினார். கொழும்பில் 1930 ஆகஸ்டில் 'வீரகேசரி'யைத் தொடங்கிய பெ.பெ. சுப்பிரமணியம் செட்டியாரும் ஆவணிப்பட்டி வணிகரே. அந்த நாளிதழுக்கு வ.ரா. ஆசிரியராக இருந்தார். 1937ல் வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் 'ஜோதி' நடத்தினார்.

பெயர்களைக் கவனியுங்கள். புதுமைப்பித்தன், ஏ.கே. செட்டியார், வ.ரா., சாமிநாத சர்மா. வணிகர்களின் பணத்தில் வந்த பத்திரிகைகளை இன்று நினைவில் வைத்திருப்பது வணிக வரலாறு அல்ல, இலக்கிய வரலாறு. சமூகச் சீர்திருத்தம், தமிழ், சைவம், தேசியம், உலக அரசியல் என்று இந்த இதழ்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வட்டிக் கடையின் உள்விஷயம் மட்டும் கடைக்குள்ளேயே இருந்தது. தொழில் ரகசியத்தை அச்சில் ஏற்றுவது எந்த வணிகனுக்கும் உவப்பானதில்லை. பத்திரிகை அவனுக்குக் கௌரவம், பொதுத்தொண்டு. சம்பாத்தியத்துக்குக் கோவில் மண்டபம் போதும்.

1930ல் உலக மந்தம் வந்தது. நெல் விலை பாதியாகச் சரிந்தது. உழவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறத் தொடங்கின. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. அவர்கள் நிலம் விரும்பியவர்கள் அல்லர். பணத்தைப் பணமாகவே வைத்திருக்க விரும்பியவர்கள். விற்க ஆளில்லாமல் நிலத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்நியன் நம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்ற கோபம் பர்மியரிடம் வளர்ந்தது. 1930 டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி வெடித்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. நடந்தே இந்தியா வந்தவர்களில் சாமிநாத சர்மாவும் ஒருவர். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் அந்தப் பேரேடுகள் செல்லுபடியாகாத சொத்தாக அடுக்கப்பட்டன.

ஒரு நல்ல வணிக நாளிதழ் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்குமா என்று கேட்டால், இல்லை. 1929ல் நியூயார்க்கில் எத்தனையோ வணிகத் தாள்கள் இருந்தன. ஆனால் தமிழன் நடத்திய மிகப் பெரிய பொருளாதார சாகசத்தைப் பற்றித் தமிழில் அன்றாடப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கும். இன்று அந்தக் கதையை ஆங்கிலேயர் நியமித்த குழுவின் அறிக்கையிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருக்கிறது.

*

விடுதலைக்குப் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961ல் 'எகனாமிக் டைம்ஸ்', 'ஃபினான்சியல் எக்ஸ்பிரஸ்' இரண்டும் ஆங்கிலத்தில் தொடங்கின. சென்னையிலிருந்தே 1994 ஜனவரியில் 'பிசினஸ் லைன்' வந்தது. குஜராத்தியில் 'வியாபார்' விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே இருந்தது. 2008ல் இந்தியில் வணிக நாளிதழ்கள் வந்தன. தமிழில் 2005ல் 'நாணயம் விகடன்' வந்தது. 2013ல் தொடங்கிய தமிழ் 'தி இந்து' திங்கள்தோறும் 'வணிக வீதி' என்ற இணைப்பைக் கொடுத்தது. வார இதழும் இணைப்பும் கிடைத்தன. தினமும் வரும் தாள் நிலைக்கவில்லை. பங்கு வாங்கும் தமிழன் ஆங்கிலம் படித்தவன், அவனுக்கு எதற்குத் தமிழில் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதில் பாதிதான் உண்மை. சரக்கு வாங்கி விற்கும் தமிழனுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அவனுக்கான நாளிதழ் துண்டு துண்டாக ஏற்கெனவே இருந்தது. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பெரிதாக எதுவும் விளைவதில்லை, ஆனால் எல்லாவற்றின் விலையும் அங்கே நிர்ணயமாகிறது என்பார்கள். வியாபாரத்தில் ஒவ்வொரு மூடைக்கும் மகமை எடுத்து 1889லேயே பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிய நாடார் வணிகர்களின் ஊர். நல்லெண்ணெய் டின் என்ன விலை, வத்தல் குவிண்டால் என்ன விலை, உளுந்து ஏறியதா, பாமாயில் இறங்கியதா என்று தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியைக் காரியமாகப் படிக்கும் வாசகர்கள் தலையங்கத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நாமக்கல் முட்டை விலை, ஈரோடு மஞ்சள், காங்கயம் கொப்பரை, ஆபரணத் தங்கம் சவரன் என்ன, வானொலியில் வாசிக்கப்பட்ட சந்தை நிலவரம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தால் ஒரு தமிழ் வணிக நாளிதழ் கிடைத்துவிடும். அதில் விலை மட்டும் இருக்கும். விலைக்குக் காரணம் இருக்காது.

காரணம் இல்லாததன் பலனை ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துவிட்டது. 1990களின் இறுதியில் நிதி நிறுவனங்களும் தேக்கு மரத் திட்டங்களும் வரிசையாகச் சரிந்தன. 2012ல் கொங்கு நாட்டில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. முழுப் பக்க விளம்பரங்களைத் தமிழில் அச்சிட முடிந்தது. அந்தப் பறவையின் இறைச்சியை யார் வாங்கப்போகிறார்கள் என்ற ஒரு வரிக் கேள்வி அதே பக்கத்தில் அச்சேறவில்லை. அர்பத்நாட் மூழ்கி நூற்றாறு வருடம் ஆகியிருந்தது.

*

மலைக்குத் திரும்புகிறேன். நெல்லிவாசல்நாட்டுக்கும் உலகச் சந்தைக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பது தவறு. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. வனத்துறையின் சந்தனக் கிடங்கு அடிவாரத்தில் திருப்பத்தூரில் இருக்கிறது. அங்கே ஏலம் போகும் கட்டைகள் எண்ணெயாகி எங்கெங்கோ போகின்றன. 2002ல் சட்டம் திருத்தப்படும் வரை தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் வளர்ந்த சந்தன மரமும் வளர்த்தவனுக்குச் சொந்தமில்லை. தன் காட்டில் நிற்கும் மரத்தின் விலை தெரிந்தால் அது குற்றத்துக்கு முதல் படி என்ற நிலையில் இந்த மக்கள் பல தலைமுறை வாழ்ந்தார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது, இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செம்மரம் சீனத்தில் என்ன விலைக்குப் போகும் என்பது தரகர்களுக்குத் தெரியும். வெட்டியவனுக்குத் தெரிந்தது அன்றைய கூலி மட்டும்.

சட்டத்துக்கு உட்பட்ட புளியின் கதையும் வெகுதூரத்தில் இல்லை. சிறு வன விளைபொருள்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2020 மே மாதம் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். டெல்லியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியான பட்டியல் அது. மலையில் புளி உலுக்குவது மாசி, பங்குனியில். அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது. முன்பணம் வாங்கியவர்கள் வாங்கிய இடத்துக்கே போட்டாக வேண்டும். எடை போடுகிறவர் சொல்வதுதான் விலை.

அன்று வடைத் தாளை நான் படித்துக்கொண்டிருந்ததை எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கவனித்துக்கொண்டே இருந்தார். படித்தவன், பேப்பரைப் பிரித்து விலைப் பட்டியலைப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அதுல புளி இன்னா வெலன்னு போட்டுகிதாங்க?"

தாளின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். இல்லை என்று சொன்னேன்.